‘செட் ஆகுமா?’ என்று கேட்பதற்கு முன்

ஐந்து பேர் ஒரு சின்ன மீட்டிங் அறையில் உட்கார்ந்திருந்தோம். காலையிலிருந்து நான்கு சுற்று இன்டர்வியூ முடித்துவிட்டு ஒருவர் கிளம்பிப் போய் அரை மணி நேரம் ஆகியிருந்தது. கோடிங் சுற்றில் குறை சொல்ல ஒன்றுமில்லை. சிஸ்டம் டிசைன் சுற்றில், கேள்வி கேட்டவரே யோசித்திராத ஓர் ஓட்டையைக் கண்டுபிடித்துச் சொல்லியிருந்தார். வரிசையாக எல்லோரும் ‘எடுக்கலாம்’ என்று சொல்லிக்கொண்டு வந்தோம். கடைசியில் இருந்தவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, “ஆள் கெட்டிக்காரர்தான். ஆனா நம்ம டீமுக்கு செட் ஆவாரான்னு தெரியல” என்றார். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. “எனக்கும் ஏதோ அப்படித்தான் தோணுச்சு” என்றார் இன்னொருவர். முதலில் ‘எடுக்கலாம்’ என்ற நானும் தலையாட்டினேன். ஐந்து நிமிடத்தில் கதை முடிந்தது.

சில நாள் கழித்து என் குறிப்புகளைப் புரட்டினேன். ‘செட் ஆகாது’ என்பதற்கு ஆதரவாக அதில் ஒரே ஒரு வரிதான் இருந்தது: “சாப்பிடும்போது அதிகம் பேசவில்லை.” மூன்று மணி நேரம் நாங்கள் கேள்விகளால் துளைத்தெடுத்த மனிதர், சாப்பாட்டு நேரத்தில் கொஞ்சம் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறார். அதைப் போய் ஒரு குறையாக எழுதி வைத்திருக்கிறேன்.

டெக் ஸ்டார்ட்அப்களில் ஆள் எடுத்துப் பழகியவர்களுக்கு இந்தக் காட்சி புதிதாக இருக்காது. படிவத்தில் ‘கல்ச்சர் ஃபிட்’ என்று எழுதுவார்கள். வாய்ப்பேச்சில் ‘செட் ஆகுமா?’ இந்த ஒரு கேள்விக்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. நாம் வேலை செய்யும் விதத்தில் இவரால் வேலை செய்ய முடியுமா என்பது ஒன்று. இவரோடு பழக எனக்குப் பிடிக்குமா என்பது இன்னொன்று. முதல் கேள்விக்குப் பதில் தேடுவதாக நினைத்துக்கொண்டு, இரண்டாவதற்குப் பதில் எழுதிவிட்டு வருகிறோம்.

சம்பளத்தில் ஜெயிக்க முடியாதவர்கள்

ஸ்டார்ட்அப்கள் கல்ச்சரை இவ்வளவு தூக்கிப் பிடிப்பதற்கு முதல் காரணம் பணம்தான். பெரிய நிறுவனம் தரும் சம்பளத்தைப் பத்துப் பேர் கொண்ட கம்பெனியால் தர முடியாது. பதிலுக்குக் கம்பெனியின் பங்குகளைத் தருகிறார்கள். வழக்கமான ஏற்பாடு நான்கு வருடம்: முதல் வருடம் முடிவதற்குள் கிளம்பினால் கையில் எதுவும் நிற்காது, அதற்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சேரும். கம்பெனி மூடப்பட்டால் அந்தப் பங்குகளுக்குப் பெரும்பாலும் காகித விலைகூடக் கிடையாது. வருபவருக்கும் இதெல்லாம் தெரியும். மிச்சமிருக்கும் பள்ளத்தை நிரப்ப ஃபவுண்டரிடம் என்ன இருக்கிறது? வேலையின் ருசி, முடிவுகள் எடுக்கப்படும் மேஜையில் ஓர் இடம், பக்கத்தில் உட்காரப் போகும் ஆட்கள். கல்ச்சர் இங்கே சம்பளத்தில் ஒரு பகுதி என்றே சொல்லலாம்.

இரண்டாவது காரணம் எண்ணிக்கை. பத்தாயிரம் பேர் வேலை செய்யும் இடத்தில் ஒருவர் சரியில்லை என்றால் ஒரு மேனேஜருக்குத் தலைவலி. எட்டுப் பேர் இருக்கும் அறையில் ஒருவர் சரியில்லை என்றால் அந்த அறையே வேறாகிவிடும். ஏர்பிஎன்பி தன் முதல் எஞ்சினியரை எடுக்க மாதக்கணக்கில் தேடியது. முதல் சில நூறு பேரைச் சேர்க்கும்வரை, அதன் ஃபவுண்டர்களில் ஒருவரான பிரயன் செஸ்கி தானே ஒவ்வொருவரோடும் உட்கார்ந்து பேசியிருக்கிறார். வெளியிலிருந்து பார்த்தால் வீண் வேலை மாதிரி இருக்கும். முதல் இருபது பேர்தான் அடுத்த இருநூறு பேரை இன்டர்வியூ எடுக்கப் போகிறார்கள் என்று யோசித்தால் கணக்கு புரியும்.

இந்தக் கணக்கை முறையாகப் பார்த்த ஆய்வு ஒன்று உண்டு. ஸ்டான்ஃபோர்டைச் சேர்ந்த ஜேம்ஸ் பாரன், மைக்கேல் ஹன்னன் இருவரும் தங்கள் குழுவோடு 1994-இல் ஆரம்பித்து, சிலிக்கான் பள்ளத்தாக்கின் இளம் டெக் கம்பெனிகள் கிட்டத்தட்ட இருநூறைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். ஃபவுண்டர்களிடம் அவர்கள் கிளறியது எளிமையான மூன்று விஷயங்கள்: உங்கள் ஆட்கள் எதற்காக உங்களோடு இருப்பார்கள், எதைப் பார்த்து எடுப்பீர்கள், வேலை ஒழுங்காக நடப்பதை எப்படி உறுதி செய்வீர்கள்? கிடைத்த பதில்களை ஐந்து வார்ப்புகளாகப் பிரித்தார்கள். பெரிய மூளைகளைத் தேடிப் பிடிப்பது ‘நட்சத்திர’ வார்ப்பு. சுவையான சவால்களைக் காட்டி, அந்த வேலையைச் செய்யத் தெரிந்தவரை இழுப்பது ‘எஞ்சினியரிங்’ வார்ப்பு. நம் குடும்பம் போல ஒட்டிக்கொள்வாரா என்று பார்த்து எடுப்பது ‘ஈடுபாட்டு’ வார்ப்பு. மீதி இரண்டும் விதிமுறை வழி, முதலாளி சொல்வழி.

ஈடுபாட்டு வார்ப்பில் தொடங்கிய கம்பெனிகள்தான் மிகக் குறைவாக மூழ்கின. பங்குச் சந்தைக்கு வந்ததிலும் அவை முன்னால் நின்றன. கல்ச்சரைப் பற்றிப் பேசுகிறவர்கள் மேற்கோள் காட்டுவது இதோடு நின்றுவிடும். ஆய்வில் இன்னும் இரண்டு விஷயங்கள் உண்டு. பங்குச் சந்தைக்கு வந்த பிறகு ஈடுபாட்டுக் கம்பெனிகளின் வளர்ச்சி நட்சத்திரக் கம்பெனிகளைவிட மந்தம். அப்புறம், எந்த வார்ப்பில் ஆரம்பித்தாலும் சரி, நடுவழியில் அதை மாற்றிய இடங்களில் ஆட்கள் அதிகமாக வெளியேறினார்கள், தோல்வியும் கூடியது. என்னைக் கேட்டால் எது சிறந்த வார்ப்பு என்பதைவிட இந்தக் கடைசித் தகவல்தான் ஆள் எடுப்பவருக்கு முக்கியம். ஒரு வாக்குறுதியை நம்பி வந்தவரிடம் இரண்டு வருடம் கழித்து வேறு விதிகளைக் காட்டினால், பிரச்சினை அவருடைய ஃபிட்டில் இல்லை.

பீன் பேக்குக்குக் கீழே

சரி, கல்ச்சர் என்றால் எது? நிறுவன உளவியலாளர் எட்கர் ஷைன் 1985-இல் போட்டுக் கொடுத்த மூன்று அடுக்குப் படம் இன்னும் வேலை செய்கிறது. மேலடுக்கில் கண்ணுக்குத் தெரிபவை: பீன் பேக், டேபிள் டென்னிஸ் மேஜை, ஃபவுண்டரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது. அதற்குக் கீழே சொல்லிக்கொள்பவை: சுவரில் ஒட்டிய கொள்கைகள். அடியில், யாரும் எழுதி வைக்காத, எல்லோருக்கும் தெரிந்த நம்பிக்கைகள். ஆள் எடுக்கும் பக்கத்தில் முதல் இரண்டு அடுக்குகளைத்தான் போட்டுக்காட்டுகிறோம். வந்து சேருபவர் வாழப்போவது மூன்றாவதில்.

மூன்றாவது அடுக்கைப் பார்க்க ஒரு நல்ல நேரம் உண்டு. ராத்திரி டெப்லாய் செய்த, அதாவது பயனர்களுக்குப் போய்ச் சேரும்படி ஏற்றிய, ஏதோ ஒரு கோடால் பேமென்ட் பக்கம் விழுந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். டீம் சாட்டில் வரும் முதல் வரி என்ன? “யார் பண்ணது இது?” என்று வரும் இடம் ஒன்று. “கடைசியா என்ன மாறுச்சு?” என்று வரும் இடம் இன்னொன்று. முதல் இடத்தில் ஆறு மாதம் இருந்தவர் தன் தவறை மறைக்கக் கற்றுக்கொண்டிருப்பார். கைவினைப் பொருட்களுக்கான இணையச் சந்தையான எட்ஸி நிறுவனத்தில் ஜான் ஆல்ஸ்பா 2012-இல் ‘பழி சுமத்தாத’ பிழை ஆய்வு முறையை எழுதி வெளியிட்டது இதற்காகத்தான்: உண்மையைச் சொன்னவர் தண்டிக்கப்படும் இடத்தில் அடுத்த தடவை உண்மை கிடைக்காது. தங்கள் சாட்டில் எந்த வரி முதலில் வருகிறது என்று நேர்மையாகச் சொல்லத் தெரிந்த ஃபவுண்டர், சுவரொட்டி எழுதத் தெரிந்தவரைவிடக் கல்ச்சரை நன்றாக விளக்கிவிடுவார்.

ஃபிட்டை அளக்கவும் முயன்றிருக்கிறார்கள். 1991-இல் சார்ல்ஸ் ஓ’ரெய்லி, ஜெனிஃபர் சாட்மன், டேவிட் கால்ட்வெல் மூவரும் 54 பண்புகளைப் பட்டியலிட்டு, உங்களுக்கு எது முக்கியம் என்று வரிசைப்படுத்தச் சொன்னார்கள். நிறுவனத்தின் வரிசையையும் தனியாக எடுத்துப் பொருத்திப் பார்த்தார்கள். பொருத்தம் கூடியிருந்தவர்களுக்கு ஒரு வருடம் கழித்து மனநிறைவும் கூடியிருந்தது. இரண்டு வருடம் கழித்தும் அங்கேயே இருந்தார்கள். 2005-இல் ஏமி கிறிஸ்டாஃப்-பிரவுன் குழு 172 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோதும் அதே படம்தான்: நிறுவனத்தோடு பொருந்திப் போவதற்கும் வேலையில் நிறைவுக்கும் உள்ள தொடர்பு 0.44 (0 என்றால் தொடர்பே இல்லை, 1 என்றால் முழுத் தொடர்பு). நல்ல வலுவான எண். ஆனால் வேலையை எவ்வளவு நன்றாகச் செய்கிறார் என்பதோடு உள்ள தொடர்பு 0.07. ஒன்றுமே இல்லை என்று சொல்லாமல் விட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பாதிக் குழப்பம் தீரும். ஒருவர் தங்குவாரா என்பதை ஃபிட் சொல்லும். நன்றாகச் செய்வாரா என்பதை அது சொல்லாது; அதற்கு வேலையைக் கொடுத்துத்தான் பார்க்க வேண்டும். ‘செட் ஆகல’ என்று சொல்லிக் கெட்டிக்காரர் ஒருவரைத் திருப்பி அனுப்பும்போது, அவர் சீக்கிரம் கிளம்பிவிடுவார் என்ற பயத்தில் அனுப்புகிறோமா, வேலை சரிவராது என்று நினைத்து அனுப்புகிறோமா என்றே நமக்குத் தெரிவதில்லை.

விமான நிலையச் சோதனை

பிடிக்கிறது என்பதைப் பொருந்துகிறது என்று எழுதிவிடுவது தனிமனிதத் தவறு மட்டும் இல்லை. லாரன் ரிவேரா என்ற சமூகவியலாளர், சட்டம், முதலீட்டு வங்கி, கன்சல்டிங் ஆகிய துறைகளின் மேல்தட்டு நிறுவனங்களில் ஆள் எடுக்கும் 120 பேரிடம் பேசி 2012-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். இன்டர்வியூ கட்டத்தில் ஃபிட்தான் தலையாய அளவுகோல் என்று பாதிக்கும் மேற்பட்டவர்கள் சொன்னார்கள். அந்த ஃபிட் எதைக் குறித்தது என்று தோண்டிப் பார்த்தால், ஒரே மாதிரிப் பொழுதுபோக்கு, ஒரே மாதிரி வளர்ப்பு, பேச்சில் அதே தோரணை. விமானம் ரத்தாகி இவரோடு ராத்திரி முழுக்க விமான நிலையத்தில் மாட்டிக்கொண்டால் சமாளிப்பேனா என்று தங்களையே கேட்டுக்கொள்வார்களாம். இதே சோதனை டெக் உலகிலும் நன்றாகப் புழங்கியது, கூகுளிலும் இருந்தது. விமான நிலையத்தில் ஆறு மணி நேரம் சுவாரஸ்யமாகப் பேசத் தெரிவதற்கும், மற்றவர் எழுதிய கோடைப் பொறுமையாக ரிவ்யூ செய்வதற்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

கூகுள் இதில் சிலவற்றைத் தானே தூக்கிப் போட்டது என்பதையும் சொல்ல வேண்டும். மூளைக்குடைச்சல் புதிர்களால் எந்தப் பயனும் இல்லை, கேட்பவருக்குத் தன்னைப் புத்திசாலி என்று தோன்ற வைப்பதைத் தவிர அவை வேறெதற்கும் உதவாது என்ற பொருளில் அதன் மனிதவளத் தலைவராக இருந்த லாஸ்லோ பாக் 2013-இல் வெளிப்படையாகவே பேசினார். புதிர்களின் இடத்தை எது பிடிக்க வேண்டும் என்பதிலும் பெரிய ரகசியம் இல்லை. பால் சாக்கெட் குழு 2022-இல் பல பத்தாண்டு ஆய்வுகளைத் திரும்பக் கணக்கிட்டபோது, முன்கூட்டியே வரையறுத்த இன்டர்வியூவுக்கும் பின்னாளைய வேலைத் திறனுக்கும் உள்ள தொடர்பு 0.42 என்று வந்தது. மனம்போன போக்கில் பேசும் இன்டர்வியூவுக்கு 0.19. எல்லோரிடமும் அதே கேள்விகள், பதில்களுக்கு முன்பே எழுதி வைத்த மதிப்பெண் அளவு. இவ்வளவுதான் வித்தியாசம். கோடிங் சுற்றுக்கு இதைச் சிரத்தையாகச் செய்யும் ஸ்டார்ட்அப்கள்கூட ‘கல்ச்சர் ரவுண்டு’ வந்ததும் காபியோடு அரட்டைக்கு உட்கார்ந்துவிடுகின்றன. தப்பு நடக்க அதிக வாய்ப்புள்ள சுற்றில்தான் கட்டுப்பாடு மிகக் குறைவு.

கொள்கையைக் கேள்வியாக மாற்றுவது அப்படியொன்றும் கடினமில்லை. ‘பொறுப்புணர்வு’ என்று சுவரில் இருக்கிறது என்றால், “நீங்கள் பொறுப்பானவரா?” என்று கேட்டுப் பிரயோஜனமில்லை, யார் இல்லை என்பார்? “கடைசியாக நீங்கள் செய்யாத ஒரு தவறைச் சரிசெய்ய வேண்டி வந்தது எப்போது? முதல் பத்து நிமிடம் என்ன செய்தீர்கள்?” என்று கேட்டால் கதை வரும். நடந்த கதையில் ஊர், நேரம், எரிச்சல் எல்லாம் இருக்கும். இட்டுக்கட்டியதில் நல்ல குணங்கள் மட்டும் இருக்கும். பின்னால் நான் வேலை செய்த ஓர் இடத்தில் மதிப்பீட்டுப் படிவத்தில் ஒரு விதி வைத்தோம்: ‘செட் ஆகாது’ என்று எழுதினால், அவர் சொன்ன அல்லது செய்த எதைப் பார்த்து அப்படிச் சொல்கிறீர்கள் என்று பக்கத்தில் எழுத வேண்டும். முதல் மாதம் அந்தக் கட்டம் பெரும்பாலும் காலியாகவே வந்தது. ஒருவர் மட்டும், “என் ஜோக்குக்குச் சிரிக்கவில்லை” என்று உண்மையை எழுதியிருந்தார். அவர்மேல் எனக்கு மரியாதை கூடியது.

கொள்கைகளையே சலித்துப் பார்க்கவும் ஒரு வழி இருக்கிறது. விவரம் தெரிந்த, நல்ல ஆள் ஒருவர் இதைப் படித்துவிட்டு “எனக்கு வேண்டாம்ப்பா” என்று சொல்ல முடியுமா? ‘நேர்மை’, ‘கூட்டு முயற்சி’ இவற்றை வேண்டாம் என்று யாரும் சொல்லப்போவதில்லை. அதனால் அவை யாரையும் பிரித்துக் காட்டுவதும் இல்லை. ‘எல்லாவற்றையும் எழுதித்தான் முடிவெடுப்போம், மீட்டிங் மிகக் குறைவு’ என்று சொல்லிப் பாருங்கள். சிலர் குதித்துக்கொண்டு வருவார்கள், சிலர் ஓடிவிடுவார்கள். இரண்டுமே லாபம். அலுவலகமே இல்லாத மென்பொருள் நிறுவனமான கிட்லாப் தன் வேலை விதிகளை எல்லாம் ஊரறிய இணையத்தில் போட்டு வைத்திருக்கிறது. நெட்ஃப்ளிக்ஸ் 2009-இல் வெளியிட்ட, நூற்று இருபதுக்கும் மேற்பட்ட ஸ்லைடுகள் கொண்ட கல்ச்சர் ஆவணம் இந்த வகைக்கு உச்சம். சுமாராக வேலை செய்தால் தாராளமான விடைப்பணம் கொடுத்து அனுப்பிவிடுவோம் என்று அதில் ஒளிவுமறைவில்லாமல் எழுதியிருந்தது. எனக்கு அந்த இடம் ஒத்துவராது. ஒத்துவராது என்று விண்ணப்பிக்காமலே தெரிந்துகொள்ள முடிந்ததுதான் அந்த ஆவணத்தின் சிறப்பு.

கசப்பை முன்பே சொன்னால் ஆள் வராமல் போய்விடுவார் என்ற பயம் பழையது. 1973-இல் ஜான் வானஸ் டெலிபோன் ஆபரேட்டர் வேலைக்கு வந்தவர்களில் ஒரு பகுதியினருக்கு வேலையின் நல்லது கெட்டது இரண்டையும் காட்டும் படம் போட்டார், மற்றவர்களுக்கு வழக்கமான விளம்பரப் படம். உள்ளதைப் பார்த்தவர்கள் வேலையை மறுத்துவிட்டு ஓடவில்லை. உள்ளே வந்த பிறகு விட்டுப் போகலாமா என்ற எண்ணமும் அவர்களுக்குத்தான் குறைவாக இருந்தது.

சேர்ந்து வேலை செய்து பார்ப்பது இன்னொரு வழி. வேர்ட்பிரஸ்ஸுக்குப் பின்னால் இருக்கும் ஆட்டோமாட்டிக், கடைசிக் கட்டத்துக்கு வந்தவர்களுக்கு மணிக்கு 25 டாலர் கொடுத்துச் சில வாரம் உண்மையான வேலையில் உட்கார வைத்தது. அப்படி வந்தவர்களில் சுமார் 40 சதவீதம் பேரை எடுத்ததாக அதன் ஃபவுண்டர் மேட் மல்லன்வெக் 2014-இல் எழுதினார். இதைவிட நேரடியான சோதனை கிடையாது. ஆனால் பகலில் ஒரு வேலையும் வீட்டில் கைக்குழந்தையும் இருப்பவர் ராத்திரி எப்போது இதைச் செய்வார்? ஓய்வு நேரம் இருப்பதும் ஒரு தகுதியாகிவிடுகிறது. இணையத்தில் காலணி விற்கும் ஜாப்போஸ் எதிர்ப்பக்கத்திலிருந்து வந்தது: பயிற்சி முடிந்ததும், இப்போதே கிளம்பினால் பணம் தருகிறோம் என்றது. வாங்கிக்கொண்டு போனவர்கள் மிகச் சிலர். ஜாப்போஸை 2009-இல் வாங்கிய அமேசான், பிறகு தன் கிடங்கு ஊழியர்களுக்கு 5,000 டாலர் வரை இப்படிக் கொடுக்க முன்வந்தது.

ஒரே மாதிரி ஆட்கள்

எல்லாம் சரியாகச் செய்தாலும் ஒரு தொல்லை மிச்சமிருக்கும். உளவியலாளர் பெஞ்சமின் ஷ்னைடர் 1987-இல் சொன்னது: ஒரு நிறுவனம் தன்னைப் போன்றவர்களை ஈர்க்கும், அவர்களுக்குள்ளும் தன்னைப் போன்றவர்களையே தேர்ந்தெடுக்கும், மாறுபட்டவர்கள் தாமாகவே கழன்றுகொள்வார்கள். சில வருடத்தில் எல்லோரும் ஒரே மாதிரி யோசிப்பார்கள். உள்ளே இருப்பவர் தனக்குத் தெரிந்தவரைச் சிபாரிசு செய்யும் ரெஃபரல் இதை இன்னும் வேகப்படுத்தும். முதல் எட்டுப் பேரில் ஆறு பேர் ஒரே கல்லூரி என்றால் ஒன்பதாவது யார் என்று ஜோசியம் பார்க்கத் தேவையில்லை.

அந்த ஒரே மாதிரி ஆட்களின் குணம் முரட்டுத்தனமாக இருந்துவிட்டால்? ஊபரின் பழைய 14 கொள்கைகளில் ஒன்று ‘மெரிட்டோகிரசி அண்ட் டோ-ஸ்டெப்பிங்’: யோசனை நல்லதென்றால் மேலே இருப்பவர் காலை மிதித்துக்கொண்டும் முன்னால் வரலாம். 2017 பிப்ரவரியில் முன்னாள் எஞ்சினியர் ஒருவர் அங்கே தனக்கு நடந்த பாலியல் தொல்லையைப் பற்றி எழுதினார். ஜூனில் டிராவிஸ் கலானிக் தலைமைப் பொறுப்பிலிருந்து விலகினார். நவம்பரில் புதிய தலைவர் தாரா கோஸ்ரோஷாஹி பட்டியலையே மாற்றினார். அந்தக் கொள்கை அடாவடிக்குச் சாக்காகிவிட்டது என்று அவரே எழுதினார். அங்கே கல்ச்சருக்குப் பொருந்தாத ஆட்கள் நுழைந்ததால் வந்த கோளாறு என்று எனக்குத் தோன்றவில்லை. நன்றாகவே பொருந்தியிருந்தார்கள்.

இந்தப் பயத்தில் சிலர் ‘கல்ச்சர் ஃபிட்’டை விட்டுவிட்டு ‘கல்ச்சர் ஆட்’ என்கிறார்கள். நம்மிடம் இல்லாத எதை இவர் கொண்டு வருவார் என்று பார்ப்பது. நல்ல எண்ணம்தான். படிவத்தில் தலைப்பு மட்டும் மாறி, அரட்டை அப்படியே நடக்கும் இடங்களையும் பார்த்திருக்கிறேன்.

இதைவிடப் பயனுள்ள திருத்தத்தை 2018-இல் வெளிவந்த ஓர் ஆய்வு தருகிறது. சமீர் ஸ்ரீவஸ்தவா, அமீர் கோல்ட்பெர்க் குழுவினர் ஒரு டெக் நிறுவனத்தின் சுமார் அறுநூறு ஊழியர்கள் அனுப்பிய ஒரு கோடிக்கும் மேற்பட்ட மின்னஞ்சல்களின் மொழிநடையைக் கணினியால் அலசினார்கள். சக ஊழியர்களின் நடையை ஒருவர் எவ்வளவு சீக்கிரம் பிடித்துக்கொள்கிறார் என்பது அவருடைய எதிர்காலத்தைக் காட்டியது. மெதுவாகப் பிடித்தவர்கள் வேலையிலிருந்து அனுப்பப்படும் வாய்ப்பு கூடுதலாக இருந்தது. நன்றாக ஒட்டியிருந்துவிட்டு மெல்ல விலகத் தொடங்கியவர்கள், பிறகு தாங்களாகவே கிளம்பினார்கள். ஃபிட் என்பது வாசலில் ஒருமுறை அளந்து முத்திரை குத்தும் விஷயமாக இல்லை, ஏறும், இறங்கும். இன்டர்வியூவில் நான் இப்போது விடாமல் கேட்கும் கேள்வி இதிலிருந்து வந்ததுதான்: “போன கம்பெனியில் சேர்ந்தபோது, அதற்கு முன் சரி என்று நினைத்திருந்த எந்தப் பழக்கத்தை விட வேண்டி வந்தது?”

ஆள் மாறாமல் கம்பெனி மாறுவதும் உண்டு. கிரிப்டோ பரிவர்த்தனைத் தளமான காயின்பேஸ் 2020-இல், வேலைக்குச் சம்பந்தமில்லாத அரசியல், சமூக விவகாரங்களை அலுவலகத்தில் விவாதிப்பதில்லை என்று அறிவித்தபோது சுமார் 60 பேர், அதாவது ஊழியர்களில் 5 சதவீதம், விடைப்பணம் வாங்கிக்கொண்டு கிளம்பினார்கள். மென்பொருள் கம்பெனியான பேஸ்கேம்ப் 2021-இல் ஏறக்குறைய அதே மாதிரி அறிவித்தபோது, அறுபதுக்கும் குறைவானவர்கள் இருந்த கம்பெனியில் மூன்றில் ஒரு பங்கினர் போனார்கள். முடிவு சரியா தப்பா என்பது தனி விவாதம். போனவர்கள் எல்லோரும் ஒரு காலத்தில் ‘செட் ஆவார்’ என்று எடுக்கப்பட்டவர்கள்.

வேலை தேடி வருபவரும் இதையெல்லாம் கேட்கலாம். கேட்கிறவர்கள் குறைவு. ஒருமுறை நானும் ஃபவுண்டர் ஒருவரும் சேர்ந்து எடுத்த இன்டர்வியூவின் முடிவில், “எங்களிடம் ஏதாவது கேட்க வேண்டுமா?” என்ற வழக்கமான கேள்விக்கு எதிரே இருந்த பெண் கேட்டார்: “கடைசியா இங்கேயிருந்து போனவர் ஏன் போனார்?” நானும் ஃபவுண்டரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். ஏதாவது சமாளிப்பார் என்று நினைத்தேன். அவர், “சாயங்காலம் ஆறு மணிக்குமேல போன் எடுக்க மாட்டேன்னார். ராத்திரி ஏதாவது விழுந்தா போன் எடுத்துச் சரிபண்ற ஆன்-கால் பார்க்க நாங்க மூணு பேர்தான் இருந்தோம், எங்களால முடியல. அது இன்னும் மாறல” என்றார். அந்தப் பெண் நன்றி சொல்லிவிட்டு அதை எழுதிக்கொண்டார். ஆஃபர் கொடுத்தோம். இரண்டு நாள் யோசித்துவிட்டு வரவில்லை என்று பதில் எழுதினார். அந்த இடம் அதற்கப்புறம் மூன்று மாதம் காலியாகவே இருந்தது. அந்த மூன்று மாதமும் ராத்திரி ஆன்-கால் போனை நாங்கள் மூன்று பேரே மாற்றி மாற்றி எடுத்துக்கொண்டிருந்தோம்.